காம்ரேட்ஸ் ஓடப்போற பெண்களுக்குச் சாப்பாட்டு வகுப்பு: ஒரு மணி நேரத்துல எதைச் சொல்ல?

உம்கேனிக்கரை (டர்பன்)
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் குழுவுல இருக்கிற பெண்கள்ல பாதிப்பேர் முதல் தடவையா காம்ரேட்ஸுக்கு (டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல நடக்கிற, கிட்டத்தட்ட 90 கி.மீ. ஓட்டம்) பேர் கொடுத்திருக்காங்க. கோவில் ஹாலை ஒரு மணி நேரத்துக்குத் தர்றதா சொல்லியிருக்காங்க. தலைப்பு சாப்பாடு, பேசப்போறது நான். நான் ஸ்கூல் டீச்சர், டயட்டீஷியன் கிடையாது. அதான் இங்க கேக்கிறேன்.

தேடினா ரெண்டு வகைதான் கிடைக்குது. ஒண்ணு, எடை குறைக்கிறது எப்படி. இன்னொண்ணு, புளூபெர்ரி, பாதாம் வெண்ணெய், சால்மன்னு யாரோ ஒருத்தர் வீட்டுச் சமையல். நம்ம வீட்டுல இருக்கிறது டால், ரொட்டி, ஷுகர் பீன்ஸ் (ராஜ்மா மாதிரி ஒரு பயறு), டின் மீன் குழம்பு, கீரை, சோறு. இதை வச்சு யாருமே எழுதலை.

நான் கண்ணால பார்க்கிறதைச் சொல்றேன். இருட்டுல தனியா ஓட முடியாது, அதனால காலையில நாலரைக்கு எல்லாரும் ஒரே இடத்துல கூடிடுவோம். எழுந்து முகம் கழுவி வர்றதே பெரிய பாடு, யாரும் ஒண்ணும் சாப்பிடுறதில்லை. ஒன்றரை மணி நேரம் ஓடிட்டு வீட்டுக்குப் போனா பிள்ளைங்க லஞ்ச் பாக்ஸ், வீட்டுக்காரர் டீ, அப்புறம் வேலை. அவங்க வயித்துல முதல் சோறு விழும்போது மணி பதினொண்ணு, பன்னிரண்டு. இதுல பாதிப்பேர் "காலையில வெறும் வயித்துல ஓடினாத்தான் கொழுப்பு கரையும்"னு பெருமையா வேற சொல்றாங்க. நான் எங்க ஆரம்பிக்கட்டும்?

பச்சை நம்பர்
நல்ல காரியம் அம்மா. பத்து தடவை முடிச்சு பச்சை நம்பர் வாங்கினவன் சொல்றேன், விஷயம் ஒண்ணுதான்: எடை. 80 கி.மீ. ஓடின காலோட போலி ஷார்ட்ஸ்ங்கிற மேட்டுல ஏறிப் பாருங்க, உடம்புல இருக்கிற ஒவ்வொரு கிலோவும் பேசும். நான் பான்டிங்குக்கு, அதான் மாவுச்சத்தை ஒதுக்குற சாப்பாட்டு முறைக்கு, மாறினேன். ரொட்டி, சோறு, உருளைக்கிழங்கு எல்லாத்தையும் விட்டேன், லேசாயிட்டேன். ஹால்ல ஒரு தராசு வைங்க, அதுவே பாதி வகுப்பு எடுத்துடும்.

மாரிட்ஸ்பர்க் சமையல்கட்டு
டீச்சர், தயவுசெய்து தராசு மட்டும் வேண்டாம். நான் டயட்டீஷியன், என்னிடம் வரும் ஓட்டக்காரப் பெண்களில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை அதிகமாகச் சாப்பிடுவது இல்லை, போதாமல் சாப்பிடுவதுதான். நீங்கள் சொன்ன அந்தப் பதினோரு மணி முதல் சோற்றிலிருந்தே ஆரம்பியுங்கள்.

கணக்கு இப்படி. சாப்பிட்டதில் ஓட்டத்துக்குச் செலவானதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உடம்பு தன்னைப் பார்த்துக்கொள்ளக் கிடைப்பது. இதயம், மூளை, எலும்பு, மாதவிடாய் எல்லாம் அந்த மிச்சத்தில்தான் ஓடுகின்றன. கொழுப்பு நீங்கலான எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 45 கலோரி மிஞ்சினால் நல்லது. 30க்குக் கீழே போனால் பல பெண்களுக்கு ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்கும். 30 என்பது சுவர் இல்லை. சிலர் அதற்கு மேலேயே தடுமாறுவார்கள், சிலர் தாக்குப்பிடிப்பார்கள்.

55 கிலோ எடையுள்ள ஒரு பெண், அதில் கொழுப்பு போக 42 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 42ஐ 45ஆல் பெருக்கினால் 1,890. காலையில் 15 கி.மீ. ஓடியதில் சுமார் 800 கலோரி செலவு. ஆக அன்றைக்கு அவருக்குத் தேவை ஏறக்குறைய 2,700. போனில் இருக்கும் செயலி அவரை 1,800இல் நிறுத்தச் சொல்கிறது. 1,800இல் 800 போனால் 1,000, அதை 42ஆல் வகுத்தால் 24கூட வரவில்லை. "நல்ல கட்டுப்பாடு" என்று வீட்டில் பாராட்டு வேறு கிடைக்கும்!

மாதவிடாய்க் கோளாறு, எலும்பு மெலிவு, உணவுப் பற்றாக்குறை மூன்றையும் சேர்த்துப் பேசுவது 1990களிலேயே தொடங்கிவிட்டது. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை விரித்து ரெட்-எஸ் (RED-S, விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. எதிர்ப்புசக்தி, குடல், மனநிலை, இதயம் எல்லாம் உள்ளே வந்தன, ஆண்களும் வந்தார்கள். பச்சை நம்பர் அண்ணா, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஹைவெல்ட் வாசி (ஜோபர்க், சொந்த ஊர் மதுரை)
நாள் முழுக்கக் கூட்டிப்பார்த்தா 2,700 வந்துடுதுன்னா, காலையில பட்டினி கிடந்து ராத்திரி மொத்தமா சாப்பிட்டா பரவாயில்லையா மேடம்? எங்க வீட்டுல அதான் நடக்குது. ராத்திரி ஒன்பது மணிக்கு மூணு தட்டு.

மாரிட்ஸ்பர்க் சமையல்கட்டு
இல்லை. 2018இல் ஸ்காண்டிநேவிய நீள்தூர வீராங்கனைகளை மணிக்கணக்காகப் பார்த்தார்கள். 24 மணி நேரக் கூட்டலில் பெரிய வித்தியாசம் தெரியாதவர்களிடையேகூட, பகலில் நெடுநேரம் பற்றாக்குறையில் கிடந்தவர்களுக்குத்தான் மாதவிடாய்க் கோளாறு அதிகம் இருந்தது. ராத்திரிச் சோறு காலையில் போய் வேலை செய்யாது. நாலரை மணிக்குக் கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், இல்லையென்றால் ஜாம் தடவிய ரொட்டித் துண்டு ஒன்று. வந்த அரை மணிக்குள் முறையான சாப்பாடு. இந்த இரண்டை மட்டும் வகுப்பில் ஒப்புக்கொள்ள வைத்தால்கூட எனக்குப் போதும்.

நாலரை மணி
நான் எழுதலாமா வேண்டாமானு ரொம்ப நேரம் யோசிச்சேன். இந்தப் பேர்ல யாருக்கும் என்னைத் தெரியாது, அதனால எழுதுறேன்.

போன சீசன்ல எனக்கு பீரியட்ஸ் நின்னுபோச்சு. அப்ப இருந்த கோச்கிட்ட தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நல்லது, உடம்பு ஃபிட் ஆகுது"ன்னார். வாட்ஸ்ஆப் குரூப்புல ஒவ்வொரு திங்களும் எல்லாரும் எடை போடணும், குறைஞ்சவங்களுக்குக் கைதட்டு. வீட்டுலயும் பயந்து டாக்டர்கிட்ட போனோம். மாத்திரை கொடுத்தாங்க, மாசாமாசம் வந்துது, எல்லாரும் நிம்மதியாயிட்டோம். ஓட்டம் அதே ஓட்டம், சாப்பாடு அதே சாப்பாடு. அப்புறம் இடுப்புக்குள்ள, தொடை சேர்ற இடத்துல ஒரு வலி. தசைப்பிடிப்புனு நினைச்சு ரோலர்ல உருட்டிக்கிட்டே இருந்தேன். எம்ஆர்ஐ எடுத்தா தொடை எலும்போட கழுத்துல விரிசல். ஊன்றுகோலோட ரோட்டோரத்துல நின்னு மத்தவங்களுக்குத் தண்ணி பாக்கெட் நீட்டினேன், அதுதான் என் காம்ரேட்ஸ்.

டீச்சர், உங்க வகுப்புல முதல் கேள்வியா "கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துது?"னு அவங்களே அவங்களுக்குள்ள கேட்டுக்கச் சொல்லுங்க. கை தூக்கச் சொல்லாதீங்க.

மாரிட்ஸ்பர்க் சமையல்கட்டு
நாலரை மணி, எழுதியதற்கு நன்றி. தொடை எலும்பின் கழுத்தில் விழும் விரிசல் ஆபத்தானது, முழுதாக முறிந்தால் ஆபரேஷன். இடுப்பு மடிப்பில் வலி, ஒற்றைக்காலில் குதித்தால் வலி என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்கு: கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும்போது வரும் ரத்தப்போக்கு மாத்திரையை நிறுத்தும் இடைவெளியால் வருவது. உடம்பு சரியாகிவிட்டது என்பதற்கு அது சாட்சி இல்லை, எலும்புக்கும் அந்த மாத்திரை காவல் இல்லை. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால், அல்லது பெண்ணுக்கு 15 வயதாகியும் தொடங்காவிட்டால், பரிசோதனை அவசியம். கர்ப்பம், தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டிகள் (பிசிஓஎஸ்) என்று வேறு காரணங்களும் உண்டு என்பதால் "ஓடுறதாலதான்" என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

பச்சை நம்பர்
அந்தப் பொண்ணுக்கு நடந்தது தப்பு, ஒத்துக்கிறேன். அந்த மாதிரி கோச்சை வாசல்லயே நிறுத்தணும். ஆனா எல்லாத்துக்கும் சோத்தைக் கொட்டுங்கனு சொல்றதும் சரியில்லை. நம்ம ஆளுங்களுக்கு சுகர் வியாதி எவ்வளவுனு எல்லாருக்கும் தெரியும். காம்ரேட்ஸ் ஜெயிச்ச கேர்டா ஸ்டெய்னைப் பாருங்க, 2024ல டர்பன்லேர்ந்து ஏறி 5:49:46. அந்த உடம்புல ஒரு கிராம் வீண் உண்டா? நம்ம நாட்டு விளையாட்டு விஞ்ஞானி டிம் நோக்ஸே மாவுச்சத்து வேண்டாம்னுதானே சொல்றார், அவரைவிட இந்த ஊர்ல ஓட்டம் தெரிஞ்சவங்க யாரு?

நைட் டியூட்டி நர்ஸ்
அண்ணா, நோக்ஸ் விஷயத்துல ரெண்டைப் பிரிச்சுப் பார்க்கணும். தண்ணி விஷயத்துல அவர் சொன்னது உலகமே ஏத்துக்கிட்டது. 1981 காம்ரேட்ஸ்ல ஒரு பெண் ஓட்டக்காரி அளவுக்கு மீறித் தண்ணி குடிச்சு, ரத்தத்துல சோடியம் இறங்கி மயங்கி விழுந்தாங்க. அதையும் சேர்த்து நாலு கேஸை வச்சு 1985ல அவர் எழுதினார். அதுக்கு முன்னாடி எல்லாரும் "குடி, குடி, தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடி"ன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க. 2002 பாஸ்டன் மராத்தான்ல 488 பேர் ரத்தத்தைப் பார்த்ததுல 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைவு. சின்ன உடம்பு, மெதுவான ஓட்டம், ஒவ்வொரு மேசையிலயும் நின்னு குடிக்கிறது, இதெல்லாம் ஒண்ணு சேர்ந்தா ஆபத்து. 12 மணி நேரத்துக்குள்ள முடிச்சா போதும்னு ஓடுற நம்ம பெண்கள் சரியா அந்தக் கூட்டம்தான். தாகத்துக்குக் குடிங்க. ஓடி முடிச்சப்ப எடை ஏறியிருந்தா, மோதிரம் இறுகினா, தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தா, மேல மேல தண்ணி கொடுக்காம மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க.

மாவுச்சத்து கதை வேற. அவரே முதல்ல ஓட்டக்காரங்களுக்கு மாவுச்சத்தை வலியுறுத்தினவர்தான், பிற்பாடுதான் மாறினார். ஆஸ்திரேலியாவுல உலகத் தரத்து நடைப்போட்டிக்காரங்களுக்கு மாவுச்சத்தை அடியோட குறைச்சுப் பார்த்தாங்க. கொழுப்பை எரிக்கிற திறன் ஏறுச்சு, ஆனா அதே வேகத்துக்கு ஆக்சிஜன் கூடுதலா செலவாச்சு, பந்தய நேரம் முன்னேறலை. அது 2017. மூன்றரை வாரத்துலயே எலும்புத் தேய்மானத்தைக் காட்டுற ரத்தக் குறியீடுகள் ஏறினதை 2020ல எழுதினாங்க. சுகர் இருக்கிற, ஓடாத மாமாவுக்குச் சொன்ன சாப்பாட்டை வாரம் 80 கி.மீ. ஓடுற மருமக தட்டுல வைக்காதீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டியில சமைக்கலாம், ஆனா ஒரே அளவு பரிமாற வேண்டியதில்லை.

இன்னொண்ணும் சொல்லணும். காம்ரேட்ஸ் 1921லேயே ஆரம்பிச்சது, பெண்களை அதிகாரபூர்வமா ஓட விட்டது 1975ல. விளையாட்டு விஞ்ஞானத்துலயும் அதே கதைதான், பெரும்பாலான பழைய அறிவுரை இளம் ஆண்களை வச்சுக் கண்டுபிடிச்சது. உங்க உடம்புக்குச் சரிப்பட்டது எல்லாருக்கும் சரிப்படும்னு நீங்க நினைக்கிறது உங்க தப்பு மட்டும் இல்லை.

பச்சை நம்பர்
அந்தக் கடைசி வரியை நான் பாராட்டாவே எடுத்துக்கிறேன் சிஸ்டர்.

சாட்ஸ்வொர்த் அம்மா
எனக்குத் தமிழ் டைப் பண்ண நேரம் எடுக்கும், பொறுத்துக்கோங்க. என் மக ஓடுறா. இவ்வளவு நேரம் எல்லாரும் ஓடுறவங்ககிட்டயே பேசுறீங்க. சமைக்கிறது நான். என்னை யார் அந்த வகுப்புக்குக் கூப்பிட்டது? அவ "வேண்டாம்மா"னா நான் விட்டுடுவேன், ஓடுற பொண்ணுக்குக் கம்மியா போட்டா நல்லதுன்னுதான் எனக்குச் சொல்லி வச்சிருந்தாங்க.

ரெண்டு கேள்வி. எங்க வீட்டுல புரட்டாசி முழுக்கக் கறி மீன் கிடையாது, காவடிக்குப் பத்து நாள் விரதம், அப்ப என்ன செய்ய? ரெண்டாவது, இந்த ஜெல் பாக்கெட் விலை எல்லாம் நமக்கு ஆகாது, வீட்டுச் சாப்பாட்டுலயே சமாளிக்க முடியுமா?

உம்கேனிக்கரை (டர்பன்)
ஆன்ட்டி, நீங்க வர்றீங்க. அம்மாக்கள், மாமியார்கள், வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் நாற்காலி போடுறேன். இது எனக்குத் தோணவே இல்லை.

மாரிட்ஸ்பர்க் சமையல்கட்டு
அம்மா கேட்டதுதான் இந்த இழையிலேயே சரியான கேள்வி. நிறைய எழுதுகிறேன்.

விரதம் முதலில். புரட்டாசி செப்டம்பர், அக்டோபரில் வருகிறது, காம்ரேட்ஸ் முடிந்து கால் ஓய்ந்திருக்கும் காலம், பெரிய இடைஞ்சல் இல்லை. சிக்கல் தைப்பூசக் காவடியும் ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் விரதமும்தான். ஈஸ்டரை ஒட்டித்தான் கேப்டவுனில் 56 கி.மீ. டூ ஓஷன்ஸ் ஓட்டம், நம் ஊரில் நீள ஓட்டங்களும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். கறி மீனை விடுவதால் ஓட்டம் கெடாது, டாலும் பீன்ஸும் அமாசியும் (புளித்த பால்) இருக்கின்றன. ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்பதுதான் கெடுக்கும். அந்தப் பத்து நாளும் ஓட்டத்தைக் குறைத்து நடையாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். விரதத்தையும் 30 கி.மீ. ஓட்டத்தையும் ஒரே வாரத்தில் வைக்க வேண்டாம்.

அடுத்து பணம். கால் ரொட்டி பீன்ஸ் பன்னி (ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் குழம்பை ஊற்றும் பன்னி சோ) ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு 175 கிராம், அதிலேயே 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, பீன்ஸையும் சேர்த்தால் நூறைத் தாண்டும், புரதமும் உப்பும் கூடவே. நீள ஓட்டம் முடித்து வந்த பெண்ணுக்கு இதைவிட மலிவான நல்ல சாப்பாடு இந்த ஊரில் கிடையாது. பன்னியைச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் மத்தியானத்தைத் தவிர்ப்பவர்களை எனக்குத் தெரியும், அதைச் செய்யக் கூடாது.

புரதம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை. ஒரே வேளையில் கொட்டாமல் நாலாகப் பிரித்தால் வேளைக்குச் சுமார் 15 முதல் 25 கிராம். தக்காளிக் குழம்பில் போட்ட டின் பில்சர்ட் மீன் (மத்தி வகை), முள்ளோடு மசித்தது, புரதத்தோடு கால்சியமும் இரும்பும் தரும். மீன் வேண்டாத நாளில் ஒரு கிண்ணம் ஷுகர் பீன்ஸும் ஒரு டம்ளர் அமாசியும்.

ஓடும்போது: இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, அதைத் தாண்டினால் 90 வரைகூட, வயிறு பழகியிருந்தால். 55 கிலோ பெண்ணுக்குக் காம்ரேட்ஸ் தூரத்துக்கு ஐயாயிரம் கலோரியை நெருங்கும், உடம்பில் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய இரண்டாயிரம்தான். மிச்சத்தில் கொஞ்சம் கொழுப்பு தரும், கொஞ்சம் வாய் வழியாகத்தான் வர வேண்டும். நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம், கைக்குள் அடங்கும் அவித்த உருளைக்கிழங்கில் 30, ஒரு சின்ன டம்ளர் கோக்கில் 20. உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, நாலாக வெட்டி, உப்பைத் தூவிக் குலுக்கி, ஜிப் பையில் போட்டு இடுப்புப் பட்டையில் செருகிவிடுங்கள். அரை மணிக்கு இரண்டு துண்டு. காம்ரேட்ஸ் மேசைகளிலும் உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் கோக்கும் கொடுப்பதால் வயிறு புதிதாக எதையும் சந்திக்காது. ஆனால் மார்ச்சிலிருந்தே பழக்க வேண்டும். குடலும் காலைப் போலப் பயிற்சியில்தான் பழகும்.

ஹைவெல்ட் வாசி
இரும்பைப் பத்தி நான் சொல்றேன், எங்க வீட்டுல இதுல பட்டாச்சு. ஜோபர்க் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல. மனைவிக்குப் படியேறினாலே மூச்சு வாங்கிச்சு, உயரம்தான் காரணம்னு விட்டுட்டோம். ஹீமோகுளோபின் நார்மல்தான். ஃபெரிட்டின், அதான் உடம்புல இரும்புச் சேமிப்பைக் காட்டுற அளவு, பார்த்தா தரையில கிடந்துது. ஓட்டக்காரங்களுக்கு 35க்குக் கீழ இருந்தாலே கவனிக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. பெண்களுக்கு நாளைக்கு 18 மி.கி. வேணும், ஆண்களுக்கு 8 போதும்.

அவங்க சொன்ன நேரக் கணக்கு எனக்குப் புதுசு. ஓடி முடிச்சு மூணு மணி நேரத்துலேர்ந்து ஆறு மணி நேரம் வரைக்கும் உடம்புல ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன் ஏறி இரும்பை உள்ள விடாம கதவடைச்சிடுமாம். அதனால இரும்பு காலையில, ஓடி வந்த அரை மணிக்குள்ள. கூட எலுமிச்சை இல்லாட்டி ஆரஞ்சு. டீயும் காபியும் ஒரு மணி நேரம் தள்ளி, முடியாதவங்களுக்கு ரூய்பாஸ் மூலிகை டீ, அதுல இரும்பைத் தடுக்கிற டானின் கம்மி. எங்க வீட்டுல பெரிய சண்டையே அந்த டீக்குத்தான்!

நைட் டியூட்டி நர்ஸ்
சரி. ஆனா ரத்தம் பார்க்காம இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீங்க, அதிகமானாலும் கெடுதல். இங்க மீலி (மக்காச்சோள) மாவுலயும் ரொட்டி மாவுலயும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்க்கிறது 2003லேர்ந்து சட்டம். பான்டிங்னு சொல்லி ரெண்டையும் விட்டவங்க அதையும் சேர்த்து இழக்கிறாங்க.

நாலரை மணி
ஒரு வேண்டுகோள். மேடம் கொடுத்த 45, 30 கணக்கெல்லாம் அருமை. அதை அப்படியே பலகையில எழுதாதீங்க. எனக்கு வியாதியா மாறினதே எண்ணிக்கைதான். செயலியில ஒவ்வொரு பருக்கையும் எண்ணி எண்ணி, பொரியல்ல எண்ணெய் எவ்வளவுனு அம்மாகிட்ட சண்டை போட்டவ நான். 45னு சொன்னா என்னை மாதிரி ஒருத்தி 44ல நிறுத்துவா.

மாரிட்ஸ்பர்க் சமையல்கட்டு
நியாயம். கணக்கு டீச்சருக்கும் கோச்சுக்கும் தெரிந்திருக்கட்டும், பெண்களுக்குத் தட்டைக் காட்டுங்கள். ஓய்வு நாளில் தட்டில் கால் பங்கு சோறு, ஓடும் நாளில் அரைத் தட்டு, நீள ஓட்ட நாளில் அரைத் தட்டோடு ஒரு வேளையும் கூட. மாதவிடாய்த் தேதியைக் காலண்டரில் குறிக்கட்டும். அது ஒன்றுதான் அவர்கள் எண்ண வேண்டிய எண்.

பச்சை நம்பர்
அப்ப தராசு கிடையாது?

உம்கேனிக்கரை (டர்பன்)
கிடையாது அண்ணா. ஆனா நீங்க வாங்க, மேட்டுல ஏறுறதைப் பத்திப் பேசுங்க, எடையைப் பத்தி வாயே திறக்கக் கூடாது.

திட்டம் இப்படி வச்சிருக்கேன். முதல் பத்து நிமிஷம் பீரியட்ஸும் எலும்பும், யாரும் கை தூக்க வேண்டாம். அப்புறம் மேசையில நிஜத் தட்டு, நிஜச் சோறு, மேடம் சொன்ன மூணு அளவு. அப்புறம் உருளைக்கிழங்கு. தண்ணிக்குக் கடைசியில அஞ்சு நிமிஷம் சிஸ்டர். கோச் ரெண்டு பேரையும் முன்வரிசையில உட்கார வைக்கிறேன்.

ஒரு விஷயம்தான் தீரலை. நீள ஓட்டத்துல பெண்கள் குடிக்காம, சாப்பிடாம இருக்கிறதுக்குப் பாதிக் காரணம் கழிப்பறை. ஆம்பளைங்க கரும்புக்காட்டுப் பக்கம் ஒதுங்கிடுவாங்க. நாங்க மூணு மணி நேரம் அடக்கிட்டு ஓடணும், அதனால முந்தின ராத்திரியிலேர்ந்தே வாயைக் கட்டிடுறாங்க. பெட்ரோல் பங்க் அந்த நேரத்துல சாவி தர்றதில்லை. நான் உருளைக்கிழங்கைப் பத்தி எவ்வளவு பேசினாலும் இது இருக்கிற வரைக்கும் யாரும் சாப்பிடப்போறதில்லை.

சாட்ஸ்வொர்த் அம்மா
ரூட்டை என் வீட்டு வழியா போடுங்க. அஞ்சு மணிக்கெல்லாம் வெளி லைட்டைப் போட்டு கேட்டைத் திறந்து வைப்பேன், பின்பக்கக் கழிப்பறை தனி. அடுத்த தெருவுல என் தங்கச்சி வீடு, அவகிட்டயும் சொல்லிட்டேன். நாயைக் கட்டிப் போட்டுடுவேன்.

நாலரை மணி
எந்த நாய் ஆன்ட்டி, அந்தப் பெரிய கறுப்பு நாயா? அதுக்காக நான் போலி ஷார்ட்ஸையே ரெண்டு தடவை ஏறுவேன்.

சாட்ஸ்வொர்த் அம்மா
அதேதான். நல்ல சங்கிலி.